தமிழில் தூரிகைக் கையெழுத்து எழுத்துரு: எழுத்துகளை இணைக்கலாமா, எங்கெங்கே பயன்படுத்தலாம்?

பரந்தன் வரைஞன்

வணக்கம். பரந்தனில் சிறியதொரு வரைகலைக் கூடம் நடத்தி வருகிறேன். அழைப்பிதழ், பதாகை, பொதிகளுக்கான லேபல், முச்சக்கரவண்டிகளுக்கான ஸ்ரிக்கர் ஆகியவையே என் அன்றாட வேலை. கடந்த மாரியில் வேலை குறைந்திருந்த நாட்களில், நெடுநாளாக மனதில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். என் பெரியப்பா கிளிநொச்சிக் கடைகளுக்குப் பலகை எழுதியவர். அவருடைய எழுத்து அச்செழுத்தைப் போல விறைத்து நிற்காது; சற்றே வலப்புறம் சாய்ந்து, ஒவ்வோர் எழுத்தும் முடிகிற இடத்தில் தூரிகையைத் தூக்கிய தடம் தெரியும்படி இருக்கும். அதைப் பின்பற்றித் தமிழில் ஒரு தூரிகைக் கையெழுத்து எழுத்துருவை வரைந்து கொண்டிருக்கிறேன்.

அவர் எழுதிய பலகை ஒன்றுகூட இன்று இல்லை. உறவினர் ஒருவரின் திருமணப் படத்தில், மணமக்களுக்குப் பின்னால், ‘வெதுப்பகம்’ என்ற ஒரு சொல் மட்டும் முழுமையாகத் தெரிகிறது. வெ, து, ப், ப, க, ம் என்னும் ஆறு எழுத்துகளே எனக்குக் கிடைத்த மூலம். மிகுதியை அவற்றின் போக்கைப் பார்த்து நானே தூரிகையால் தாளில் எழுதி, வருடியில் எடுத்து, கணினியில் வெளிக்கோடு போட்டு வருகிறேன்.

இரண்டு இடங்களில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். ஆங்கிலத்தில் இத்தகைய எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு போகிறதே, அதைத் தமிழிலும் செய்வதா என்பது ஒன்று. விளிம்புகளை மை வறண்டது போலச் சொரசொரப்பாக விடுவதா, வழவழப்பாக்கி விடுவதா என்பது மற்றது. இவற்றுக்கு விடை தெரிய வேண்டுமானால் இந்த எழுத்துரு எந்த வேலைக்குப் பயன்படப் போகிறது என்பது முதலில் தெளிவாக வேண்டும் என்று நினைக்கிறேன். தொழிலில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வவுனியா அச்சுக்கூடம்

தம்பி, நீங்கள் குறிப்பிடுகிற இணைந்த ஆங்கில எழுத்து பெரும்பாலும் மிஸ்ட்ரலாக இருக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் மென்பொருளோடு சேர்ந்து வந்ததால், அதுவும் பிரஷ் ஸ்கிரிப்டும் எங்கள் பக்கத்து அச்சகக் கணினிகள் அனைத்திலும் குடியேறி விட்டன. மிஸ்ட்ரலை ரொஜே எக்ஸ்கொஃபோன் என்பவர் தம் சொந்தக் கையெழுத்தை வைத்து மார்செய் நகரின் ஒலிவ் எழுத்து வார்ப்பகத்துக்காக வரைந்தார். 1953இல் அது வெளிவந்தது. பிரஷ் ஸ்கிரிப்ட் அதற்கும் முந்தியது. அமெரிக்க எழுத்து வார்ப்பகத்துக்காக ரொபர்ட் ஸ்மித் வரைந்து 1942இல் வந்தது. இரண்டும் ஈய எழுத்துக் காலத்தவை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டையாக இருந்தும், கோத்த பின்னர் ஒரே வீச்சில் எழுதியது போலத் தோன்ற வேண்டுமானால், எல்லா எழுத்துகளும் ஒரே உயரத்தில் வெளியேறி, அதே உயரத்தில் அடுத்த எழுத்துக்குள் நுழைய வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்கு அருகில் முடிவதால் அது இயன்றது.

தமிழைப் பாருங்கள். ‘ட’ அடிக்கோட்டில் வலப்புறம் முடிகிறது. ‘ப’ மேலே ஏறி முடிகிறது. ‘ர’, ‘ழ’ ஆகியவற்றின் கால் அடிக்கோட்டுக்கும் கீழே இறங்கிப் போய்விடுகிறது. ஒரே உயரத்தில் கைகோக்க இவை எப்படி உடன்படும்? வலிந்து இணைத்தால் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் கயிறு கட்டியது போலத் தோன்றும்; அந்தக் கயிற்றையும் எழுத்தின் உறுப்பாக நினைத்து வாசிப்பவர் தடுமாறுவார்.

தூரிகை எழுத்தென்றால் இணைந்துதான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். பீற்றர் டொம்பிரெசியன் வரைந்து 1951இல் அதே அமெரிக்க வார்ப்பகம் வெளியிட்ட டொம் காஷுவல் ஓர் இலகுவான தூரிகை எழுத்து. அதில் எழுத்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆயினும் கையால் எழுதியது என்ற உணர்வு குறையவில்லை. உங்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் மிஸ்ட்ரலை விட அதையே நான் காட்டுவேன்.

முள்ளியவளைத் தூரிகை

நான் பலகை எழுதியவன். கண் மங்கியதால் இப்போது எழுதுவதில்லை; இதைக்கூட பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். உங்கள் பெரியப்பாவை நான் அறிந்திருக்கக்கூடும். ஆயினும் பெயரைப் பொதுவில் கேட்க விரும்பவில்லை.

தம்பி, நீங்கள் தாளில் எழுதி அனுப்பிய மாதிரியில் ‘ப’வைப் பார்த்தேன். பேனையால் எழுதுவது போலவே இடப்பக்கக் கோட்டை இறக்கி, அடியில் வலப்பக்கம் ஓட்டி, அங்கிருந்து மேலே ஏற்றியிருக்கிறீர்கள். ஏறுகிற கோடு மெலிந்து, நடுங்கி நிற்கிறது. அது உங்கள் கையின் குறை அன்று. தூரிகையை இழுக்கலாம், தள்ள முடியாது. மேல்நோக்கித் தள்ளினால் மயிர்கள் பிரிந்து வண்ணம் சிதறும். ஆகையால் பலகைக்காரர் எவரும் ‘ப’வை ஒரே வீச்சில் எழுதுவதில்லை. இடக்கோட்டை இறக்கி அடியை ஓட்டிய பின்னர், கையைத் தூக்கி, வலப்பக்கத்தின் உச்சியில் வைத்து, அந்தக் கோட்டையும் மேலிருந்து கீழாகவே இழுத்து அடியில் சேர்ப்போம். அதனால் எங்கள் ‘ப’வுக்கு இரண்டு தோள்களும் ஒரே கனம். ‘ம’வுக்கும் ‘ய’வுக்கும் இதே முறைதான். ஆங்கிலத்தில் ஏறு கோடு மெல்லியதாகவும் இறங்கு கோடு தடித்ததாகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைத் தமிழுக்குப் போட்டால், ‘ப’ ஒரு பக்கம் பாரிசவாதம் வந்தவரைப் போல நிற்கும்.

இணைப்பைப் பற்றி அச்சுக்கூடத்தார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் கை தானாகவே இணைக்கும். கொம்பு போட்ட கையோடு எழுத்துக்குள் நுழைகிறோமே, ‘வெ’, ‘தொ’, ‘மே’ போன்றவற்றில், அங்கே கொம்பின் கால் அடுத்த எழுத்தின் தொடக்கத்தைத் தொட்டுவிடும். உங்கள் படத்தில் உள்ள ‘வெ’யில் அப்படித் தொட்டிருக்கிறதா என்று பெருப்பித்துப் பாருங்கள். அந்த இணைப்பு இயல்பானது. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொரசொரப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தூரிகைத் தடம் வறண்டு தெரிவது எங்கள் காலத்தில் பிழை. சுண்ணாம்புச் சுவரில் எழுதும்போது சுவர் வண்ணத்தைக் குடித்துவிடும். கோடு பாதியில் வறளும். கடைக்காரர் கூலியில் கைவைப்பார். ஆகவே இரண்டாந்தரம் பூசி மூடிவிடுவோம். பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் தூரிகை கழுவ மண்ணெண்ணெய் கிடைக்காது. எனாமல் தோய்ந்த தூரிகையைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்தி வைத்து, கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று நாள்கணக்கில் அதையே பயன்படுத்துவோம். அப்போதுகூட விளிம்பை வழவழப்பாக முடித்தோம். நாங்கள் மூடி மறைத்த அந்த வறட்சியை இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். காலம் அப்படி.

மாங்குளம் ஸ்ரிக்கர்

ஐயா சொன்ன கடைசி விடயத்துக்கு என் பக்கத்துக் காரணம் ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்ரிக்கர் வெட்டும் இயந்திரத்தில் இருப்பது ஒரு சிறு கத்தி; எழுத்தின் வெளிக்கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் அது திரும்ப வேண்டும். வழவழப்பான ‘க’வுக்குச் சில பத்துப் புள்ளிகள் போதும். வறண்ட தூரிகைத் தடம் உள்ள ‘க’வுக்கு அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். கத்தி நின்று நின்று திரும்பி, வினைல் தாளைக் கிழித்து, மயிரளவு துணுக்குகளாக்கிவிடும். பிறகு தேவையற்ற பகுதியை ஊசியால் உரித்தெடுக்கும்போது எது எழுத்து, எது கழிவு என்று தெரியாது. முச்சக்கரவண்டியின் பின்கண்ணாடிக்கு இரண்டு சொல் வெட்ட ஒரு முழுப் பிற்பகல் போனது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே சொரசொரப்பு வேண்டுமென்றால் அதைத் தனி எழுத்துருக் கோப்பாக வைத்து, வெட்டு வேலைக்கு வழவழப்பான ஒன்றையும் தாருங்கள். அச்சிடும் பதாகைக்கு எதுவும் போகும்.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்திலும் கவனம் தேவை. கொம்பு எழுத்தைத் தொடுகிறது என்றால், திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கத்திக்கு அவை இரண்டு வெளிக்கோடுகள். ஒன்றின் உடலுக்குள் மற்றதை வெட்டிவிடும். வெட்டுவதற்கு முன்னர் இரண்டையும் ஒரே வடிவமாக உருக்கிச் சேர்க்க வேண்டும். புதிதாக இயந்திரம் வாங்கியவர்கள் இதை அறியாமல் தாளை வீணாக்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை புள்ளி. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கே தலையில் புள்ளி. தமிழில் ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று வந்துவிடும். அது தனியாக மிதக்கிற சிறு வட்டம் என்பதால், உரிக்கும்போது கழிவோடு சேர்ந்து வந்துவிடும். ஒட்டிய பின்னரும் முதலாவது மழைக்கு விழுவது அதுவே. பல் வைத்தியர் ஒருவரின் கண்ணாடிக் கதவில் நான் ஒட்டிய ‘பல்’ ஒரே மாதத்தில் ‘பல’ ஆயிற்று. புள்ளியைச் சற்றுப் பெரிதாக, தூரிகையை ஒரு முறை அழுத்தி எடுத்தது போல நீள்வட்டமாகப் போட்டால் ஒட்டுகிற பரப்புக் கூடும்.

ஒட்டுசுட்டான் தேன்

புள்ளி மட்டுமன்று, கொம்பும் ஆளை ஏமாற்றும். நாங்கள் தேன் போத்தல்களுக்கு லேபல் அடித்தபோது, வடிவமைத்தவர் தடித்த தூரிகை எழுத்து ஒன்றைப் பயன்படுத்தினார். திரையில் அழகாகத்தான் இருந்தது. சிறிய லேபலில் அச்சானபோது ‘தே’யின் இரட்டைக் கொம்பில் மேற்சுழி மையால் அடைபட்டு, ‘வன்னித் தென்’ என்று ஆகிவிட்டது. வாங்க வந்த ஒருவர், வடக்கில் இருந்துகொண்டு தெற்கை விற்கிறீர்களா என்று கேட்டார். லேபல்கள் இன்னும் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

விசுவமடு ஆசிரியை

தேன் லேபலின் கதை சிரிப்பை வரவழைத்தாலும், அதில்தான் இந்த எழுத்துருவின் அளவுகோல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தூரிகையின் தடிப்பை எந்த எழுத்தை வைத்து முடிவு செய்தீர்கள், தம்பி? ‘ட’வையும் ‘ப’வையும் வைத்து முடிவு செய்தால் எவ்வளவு தடிப்பும் அழகாகத் தெரியும், ஏனெனில் அவற்றின் வயிறு திறந்திருக்கிறது. ‘ண’வை வைத்துப் பாருங்கள். மூன்று சுழிகளுக்கும் இடம் விட்டால்தான் அது ‘ண’. ஒரு சுழி அடைபட்டால் ‘ன’வாகத் தோன்றும். ‘பணி’ ‘பனி’யாகும், ‘மணம்’ ‘மனம்’ ஆகும். இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற வகுப்புப் பிள்ளைகளுக்கு இது சிறு குழப்பம் அன்று. வளர்ந்தவர்கள் சொல்லின் உருவத்தைக் கண்டு ஊகித்துவிடுவார்கள்; பிள்ளை ஒவ்வொரு சுழியையும் எண்ணும்.

பயன்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான அழைப்பிதழ் முழுவதையும், நிகழ்ச்சி நிரல் உட்பட, ஒரு முறை இத்தகைய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்தார்கள். தலைப்பு உற்சாகமாக இருந்தது. கீழே வந்த பன்னிரண்டு வரிகளையும் வாசிப்பதற்குள் எனக்குக் களைத்துவிட்டது. இவ்வெழுத்து இரண்டு, மூன்று சொற்களுக்கானது. அவற்றையும் பெரிதாகப் போட வேண்டும். மருந்து அளவு, பேருந்து செல்லும் ஊரின் பெயர், கிணற்றருகே வைக்கும் எச்சரிக்கை ஆகியவற்றுக்கு அருகிலும் கொண்டுபோகக் கூடாது. கடையின் பெயர், பண்டத்தின் பெயர், பிறந்தநாள் வாழ்த்து, கலை விழாவின் தலைப்பு என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மும்மொழிப் பலகைகளிலும் ஒன்றைக் காண்கிறேன். ஆங்கிலம் மிஸ்ட்ரலில் துள்ளிக்கொண்டு போகும். சிங்களமும் தமிழும் அரசாங்கப் படிவத்து எழுத்தில் நிமிர்ந்து நிற்கும். ஒரே கடையின் பெயரை மூன்று வெவ்வேறு மனிதர்கள் எழுதியது போல இருக்கும்.

பரந்தன் வரைஞன்

மிக்க நன்றி. ‘ண’வை நான் கடைசியில் வரைய விட்டிருந்தேன், கடினமானது என்பதால். அக்கா சொன்னதன் பின்னர் அதை முதலில் எழுதிப் பார்த்தேன். என் தூரிகை கனம் மிகுந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது. இப்போது ஐந்தில் ஒரு பங்கு மெலிய வைத்திருக்கிறேன்.

ஐயா, படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ‘வெ’யின் கொம்பு ‘வ’வைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் நேரில் பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள்.

இன்னுமொரு குறையைக் கண்டேன். ‘அப்பம்’, ‘வட்டக்கச்சி’, ‘முத்து’ என்று எதைத் தட்டச்சு செய்தாலும், இரட்டித்து வரும் எழுத்துகள் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கின்றன. ஒரே வளைவு, ஒரே வால். கையால் எழுதியது என்ற மாயை அந்த இடத்தில் கலைந்துவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

துணுக்காயிலிருந்து தொலைவில்

வழி உண்டு, தமிழில் அது ஆங்கிலத்தை விட எளிது என்பதே வியப்பு.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வருவது தமிழை விடக் குறைவு. தமிழிலோ க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ம்ம, ன்ன என்று ஒரு வரிக்குள் நாலைந்து வந்துவிடும். ஆனால் இரட்டிக்கும்போது முதலாவது எப்போதும் மெய், இரண்டாவது உயிர்மெய். யூனிகோட்டில் ‘ப்’ என்பது ‘ப’ என்ற குறியும் புள்ளிக்குறியும் அடுத்தடுத்துச் சேமிக்கப்பட்டது. பெரும்பாலான எழுத்துருக்களில் ‘ப’வின் மேல் ஒரு புள்ளியைக் கொண்டுபோய் வைத்து விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், பதினெட்டு மெய்யெழுத்துகளையும் தனித்தனியாகத் தூரிகையால் எழுதி வரைந்து, அந்த இரு குறிகள் சேர்ந்து வந்தால் இந்த வடிவத்தைக் காட்டு என்று எழுத்துருக் கோப்புக்குள்ளேயே ஒரு விதி (ஓபன்டைப் விதி என்பார்கள்) எழுதுங்கள். இரட்டிப்புகளில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும். மாங்குளத்தார் கேட்ட பெரிய புள்ளியையும் எழுத்துக்கு எழுத்து இடம் பார்த்து வைக்கலாம்.

அதன் பின்னரும் ‘அம்மம்மா’ உங்களைப் பிடிக்கும். ம், ம, ம், மா. எங்கள் ஊரில் எத்தனை கடைக்கும் உணவுப் பண்டத்துக்கும் அம்மம்மாவின் பெயர் வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக அடிக்கடி வரும் க, த, ப, ம, ன ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டாவது வடிவம் ஒன்றை வரைந்து, அண்மையில் அதே எழுத்து வந்திருந்தால் மாற்றிப் போடும் விதி ஒன்றைச் சேர்த்தால் போதும். எல்லா எழுத்துக்கும் மாற்று வரைய வேண்டியதில்லை.

மொத்தக் கணக்கு பயமுறுத்த வேண்டாம். எழுத்துகள் 247 என்று சொன்னாலும், கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகியவை துணைக்குறிகளால் அமைந்துவிடும். உகர, ஊகார உயிர்மெய்கள் முப்பத்தாறையும் தனியாகவே வரைய வேண்டும். கு, சு, து, நு, மு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் வளைகிறது. தூரிகை விளையாடுவதற்கு இடமும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் ‘து’ ஏற்கெனவே கையில் இருப்பது நல்ல வாய்ப்பு.

எமது நாட்டின் எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் எழுத்துரு கூகிள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது தூரிகை எழுத்தன்று. சாய்ந்த கையெழுத்துப் பாணி. ஆயினும் நிமிர்ந்த எழுத்தைக் கணினியில் தள்ளிச் சாய்ப்பதற்கும், சாய்வாகவே எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அதில் காணலாம். அதைப் போலவே திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியிடுவீர்களானால், எவரும் வணிக வேலைக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. எழுத்துருவின் பெயரை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்தால், திருத்தியவர் அதே பெயரில் வெளியிட முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு.

வவுனியா அச்சுக்கூடம்

விதி, மாற்று வடிவம் எல்லாம் நன்று. எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். என் கூடத்துக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி இன்னமும் பாமினி என்னும் பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்தே வருகிறது. பாமினியில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. இருக்கைகளே மட்டுப்பட்டவை, மாற்று வடிவத்துக்கு இடம் எங்கே? அதை யூனிகோட்டுக்கு மாற்றினால், பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் ஃபொட்டோஷொப்பின் பழைய பதிப்புகளிலும் இதே கதை. ஆகவே தம்பி, எழுத்துருவோடு சேர்த்து ஒரு பக்கக் குறிப்பும் தாருங்கள். எந்த மென்பொருளில் எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று படத்தோடு. இல்லாவிட்டால் நல்ல எழுத்துரு கெட்ட பெயர் வாங்கும்.

பொங்கல் வேலைக்காரன்

வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பதாகை அடிப்போம். அதற்கு இந்த எழுத்துப் பொருந்துமா? அம்மனின் பெயரை இதில் எழுதலாமா என்று எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது.

முள்ளியவளைத் தூரிகை

தண்ணீர்ப் பந்தல் என்பதை எழுதுங்கள். தாகத்தோடு வருபவரைக் கூப்பிடுகிற எழுத்து அது. அம்மனின் பெயரை நான் எப்போதும் நிமிர்ந்த எழுத்திலேயே, நூலில் சோக்குப் பூசி அடித்த கோட்டின் மேல் எழுதினேன். சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம்.

வவுனியா அச்சுக்கூடம்

ஐயா சொன்னதைப் படித்ததும் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலரைச் சொல்கிறேன். சில இளைஞர்கள் அட்டையில் இறந்தவரின் பெயரைத் தூரிகை எழுத்தில் போடச் சொல்கிறார்கள். நான் பெரும்பாலும் மறுத்துவிடுவேன். சந்தைக்குப் பேர்போன துள்ளல் துக்க வீட்டுக்கு ஒத்துவராது. கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும் அப்படித்தான்.

ஒரு முறை மட்டும் வேறு விதமாக நடந்தது. தந்தையை இழந்த ஒருவர், இடம்பெயர்ந்த எல்லா இடங்களுக்கும் அடையாள அட்டைகளோடும் காணி உறுதியோடும் சேர்த்துப் பொலித்தீன் பையில் காவித் திரிந்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். தந்தை எழுதியது. அந்தக் கையெழுத்துப் போலவே ஓர் எழுத்துரு கணினியில் இருக்கிறதா, அதில் அட்டை முழுவதையும் எழுத முடியுமா என்று கேட்டார். சாய்வு ஒத்த ஓர் எழுத்துருவைத் தேடிப் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, இது அப்பா இல்லை என்றார். பிறகு கடிதத்தையே வருடி, ‘அன்புள்ள மகனுக்கு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்து அட்டையில் வைத்தோம். மை பரவியிருந்ததைத் துடைக்கவில்லை.

எழுத்துரு என்பது ஒருவரின் கையை எல்லாருக்கும் இரவல் கொடுப்பது. கடைக்கும் கச்சானுக்கும் இரவல் கை போதும்.

முள்ளியவளைத் தூரிகை

தம்பி அனுப்பிய படத்தைப் பேத்தி திரை நிறையப் பெருப்பித்துக் காட்டினாள். ‘வெதுப்பகம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் ஒன்றல்ல. முதலாவதான ‘ப்’ ஒடுங்கி, வலத்தோள் சற்றுத் தாழ்ந்து இருக்கிறது; இரண்டாவது அகன்று நிமிர்ந்து இருக்கிறது. புள்ளிக்கு இடம் விடுவதற்காக அப்படி எழுதுவோம். தோளைத் தாழ்த்தாவிட்டால் புள்ளி பலகையின் விளிம்பில் போய் இடிக்கும். தொலைவில் இருக்கும் தம்பி கணினிக்குச் சொன்ன விதியை உங்கள் பெரியப்பா தகரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை அளந்து மற்ற மெய்களுக்கும் செய்யுங்கள். ‘ட்’டுக்கு மட்டும் வேண்டாம், அதன் வலப்புறம் வெறுமையாக இருப்பதால் புள்ளி தானாகவே உள்ளே இறங்கி உட்காரும்.

இன்னுமொன்று. அந்த ‘ம்’மின் கடைசிச் சுழி பலகையின் ஆணியைச் சுற்றிப் போகிறது. ஆணி இருந்ததால் சுழியைப் பெரிதாக்கியிருக்கிறார். அதை மூலம் என்று நினைத்துப் பின்பற்றி விடாதீர்கள்.

பரந்தன் வரைஞன்

ஐயா, ஆணியை நான் கவனிக்கவே இல்லை. மூன்று மாதமாக அந்தப் பெரிய சுழியைத்தான் அவருடைய கைவாகு என்று நினைத்து ம, ழ, ஞ எல்லாவற்றுக்கும் கொடுத்து வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். வருத்தமில்லை, சுழி சிறுத்ததால் ‘ஞ’வுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது.

மெய்கள் பதினெட்டில் பதினொன்றைத் தோள் தாழ்த்தி வரைந்து முடித்துவிட்டேன். ‘ப’வின் இரு தோள்களும் இப்போது ஒரே கனத்தில் நிற்கின்றன. விளிம்புகளை வழவழப்பாகவே விடுகிறேன். ஏ-ஒன்பது வீதியின் புழுதி மிகுதிச் சொரசொரப்பைக் கொடுத்துவிடும்.

நேற்று முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மா ஒருவருக்கு, கட்டணம் வாங்காமல், பைகளில் ஒட்ட நாற்பது லேபல் அடித்துக் கொடுத்தேன். ‘வறுத்த கச்சான்’ என்று இரண்டே சொற்கள். பேருந்து நின்ற பத்து நிமிடத்தில், இறங்கியவர்கள் எட்டடி தூரத்தில் நின்று வாசிக்கிறார்களா என்று பிள்ளையாரைக் கும்பிடுகிற சாட்டில் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசித்தார்கள். ஆனால் ஒரு சிறுவன் ‘வறுத்த’வை ‘வருத்த’ என்று வாசித்தான். ‘று’வின் முன்வளைவு ‘ரு’வோடு மயங்குகிறது போலும். எவரிடமாவது பலகையில் எழுதிய நல்லதொரு ‘று’ படமாக இருந்தால் அனுப்பிவையுங்கள்; ஆணி இல்லாத இடமாகப் பார்த்து.